கைவேலைக் கண்ணாடி மணிகள் பெட்டியிலேயே பிளக்கின்றன: பார்த்து வாங்குவது எப்படி?

மணிக்கோவை (கோயம்புத்தூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தபடியே கழுத்து மாலைகளும் காதணிகளும் செய்து விற்று வருகிறேன். முதல் இரண்டு ஆண்டுகள் சுடுமண் நகைகள்தான் செய்தேன். பிறகு கண்ணாடி மணிகளின் மேல் ஆசை வந்து, இப்போது விற்பதற்காக வாங்குவதைவிட வைத்துக்கொள்வதற்காக வாங்குவதே அதிகமாகிவிட்டது. என் மாமியாரின் பழைய வெற்றிலைப் பெட்டி நிறைய மணிகள் இருக்கின்றன. அவற்றில் பாதியைக் கோர்க்கவே மனம் வரவில்லை.

சென்ற ஆடி மாதம் இணையத்தில் விற்கும் ஒருவரிடம், சுடரில் உருக்கிக் கையால் செய்தவை என்று சொல்லப்பட்ட 12 மில்லிமீட்டர் உருண்டை மணிகள் 60 வாங்கினேன். உள்ளே வெள்ளித்தாள் பதித்த நீல நிறம், விளக்கு வெளிச்சத்தில் மயிற்கழுத்து போல் மின்னும். அவற்றில் பாதியைப் பட்டு நூலில் கோர்த்து ஒரு மாலையாக விற்றேன். வாங்கிய அம்மா இரண்டே முறை அணிந்த பிறகு நூல் அறுந்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார். அறுந்த இடம் இழுபட்டு நைந்தது போல் இல்லாமல், பிளேடால் வெட்டியது போல் இருந்தது. நான் பணத்தைத் திருப்பித் தந்துவிட்டேன். ஆனால் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. யாரும் தொடாமல் பெட்டியில் கிடந்த மீதி மணிகளில் மூன்று, ஒரு துளையிலிருந்து மறு துளை வரை நேர்க்கோடாகப் பிளந்து கிடந்தன. அவை கீழே விழவில்லை, வெயிலில் வைக்கப்படவும் இல்லை. விற்றவரிடம் கேட்டபோது, கைவேலை என்றால் அப்படித்தான் இருக்கும், சீராக வேண்டுமானால் இயந்திர மணி வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது.

கைவேலை என்றால் உண்மையிலேயே அப்படித்தானா? வாங்குவதற்கு முன்பே, அல்லது வாங்கி வந்தபின் கோர்ப்பதற்கு முன்பாவது, எந்த மணி நிற்கும், எது பிளக்கும் என்று கண்டுபிடிக்க வழி உண்டா? உண்மையான சுடர் மணியையும் அச்சில் அழுத்திய மணியையும் எப்படிப் பிரித்தறிவது?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வேறொருவர் "அரிக்கமேட்டில் மழைக்குப் பிறகு மண்ணில் பொறுக்கிய 2000 ஆண்டுப் பழைய மணிகள்" என்று சொல்லி ஒரு சரம் காட்டுகிறார். செங்கல் நிறத்திலும் மஞ்சளிலும் கடுகைவிடச் சற்றே பெரிய மணிகள். பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. வாங்கலாமா?

சுடரடி (ஓசூர்) பதில்:

வணக்கம் சகோதரி. நான் ஒன்பது ஆண்டுகளாகச் சுடர் மணிகள் செய்கிறேன் என்பதால் முதல் கேள்விக்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கைவேலை என்றால் மணிக்கு மணி அளவும் நிறமும் சற்று மாறுவது இயல்பு. பெட்டியில் கிடந்தபடியே பிளப்பது இயல்பு அன்று. அது மெதுவாக ஆற வைக்காமல் விட்ட குற்றம்.

செய்முறையைத் தெரிந்துகொண்டால் குற்றம் எங்கே நுழைகிறது என்பது விளங்கும். களிமண் குழம்பு பூசி உலர்த்திய மெல்லிய எஃகுக் கம்பியை ஒரு கையிலும் கண்ணாடிக் கோலை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, வாயுச் சுடரில் கோலின் நுனியை உருக்கிக் கம்பியின் மேல் சுற்றிக்கொண்டே போவோம். கம்பி சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் தேன் வழிவது போல் ஒரு பக்கம் வழிந்துவிடும். உருவம் வந்தபின் மணியை வெளியே எடுத்தால் அதன் மேற்புறம் முதலில் ஆறி இறுகிவிடுகிறது. உட்புறம் பிறகு ஆறிச் சுருங்கப் பார்க்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேற்புறம் அதற்கு இடம் கொடுக்காது. அந்த இழுபறி கண்ணாடிக்குள்ளேயே பூட்டிக்கிடக்கும். வெளியே பார்த்தால் மணி பளபளவென்று இருக்கும். மாதம் கழித்து ஒரு குளிர்ந்த இரவிலோ, சிறு கீறல் விழும்போதோ அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். உங்கள் பெட்டியில் நடந்தது இதுதான்.

இதைத் தவிர்க்கத்தான் சூளையில் வைத்து மெதுவாக ஆற்றுகிறோம். தொழிலில் ஆனீலிங் என்பார்கள். நாங்கள் பயன்படுத்தும் சோடா-சுண்ணக் கண்ணாடிக்கு ஏறத்தாழ 500 முதல் 520 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரமாவது வைத்திருந்து, பிறகு பல மணி நேரம் எடுத்துக்கொண்டு இறக்க வேண்டும். மின்சூளையும் மின்கட்டணமும் செலவு என்பதால் பலர் இந்தப் படியை விட்டுவிடுகிறார்கள். வெர்மிகுலைட் என்னும் தாதுத் துகளிலோ கம்பளி போன்ற வெப்பக் காப்புப் பொருளிலோ புதைத்து ஆற்றுவார்கள். அப்படிச் செய்தால் மணி உடனே வெடிக்காது, அவ்வளவுதான். 6 மில்லிமீட்டர் மணி அதைத் தாங்கிக்கொள்ளும். 12 மில்லிமீட்டர் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கைவேலையா?" என்பது அன்று, "சூளையில் ஆற்றியதா, எத்தனை டிகிரியில், எவ்வளவு நேரம்?" என்பதே. செய்பவராக இருந்தால் உடனே பதில் வரும். கைமாற்றி விற்பவராக இருந்தால் பேச்சு வேறு பக்கம் போகும்.

பிளவு வேறொரு காரணத்தாலும் வரும். கண்ணாடிகள் எல்லாம் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. முரானோ வகை மென்கண்ணாடிக் கோல்களுக்கு விரிவு எண் 104, சூடு தாங்கும் போரோசிலிக்கேட் கண்ணாடிக்கு ஏறத்தாழ 33. இவற்றை ஒரே மணியில் சேர்த்தால் எவ்வளவு மெதுவாக ஆற்றினாலும் பயனில்லை. பழைய புட்டிக் கண்ணாடியைக் கோல் கண்ணாடியோடு கலப்பவர்களுக்கும் இதே கதிதான். என் அனுபவத்தில், துளைக்குத் துளை நேராகப் பிளந்தால் பெரும்பாலும் சரியாக ஆற்றாத குற்றம், ஒரு நிறமும் மறு நிறமும் சேரும் ஓரத்தையே பிடித்துக்கொண்டு விரிசல் ஓடினால் கலந்த குற்றம்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அத்திரையிலிருந்து வரும் ஒளி ஒரே தளத்தில் அதிர்வது. போலராய்டு வகை வெயில் கண்ணாடி ஒன்றை எடுத்துத் திரைக்கு முன்னால் மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை முழுதும் இருண்டுவிடும். அதே கோணத்தில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, திரைக்கும் அதற்கும் இடையில் மணியை வையுங்கள். உள்ளே இழுபறி இல்லாத மணி திரையோடு சேர்ந்து இருண்டிருக்கும். இழுபறி உள்ள மணியில் துளையைச் சுற்றியோ நிறங்கள் சேரும் இடத்திலோ வெளிச்சம் பூத்து நிற்கும். உருண்டை வடிவமே ஒளியைக் கொஞ்சம் வளைத்து ஏமாற்றும் என்பதால், மணியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது நல்லது. கிண்ணத்தை முதலில் வெறுமையாகப் பார்த்துவிடுங்கள். எளிதில் உடையாமலிருக்க இறுக்கம் ஏற்றிய (டெம்பர்டு) கிண்ணங்களும் பிளாஸ்டிக் டப்பாக்களும் தாமே மின்னி நம்மைக் குழப்பும்.

கடைசியாக, துளை. மணியை விலை கேட்பதற்கு முன் துளையைப் பாருங்கள். நன்றாகச் செய்த மணியில் இரு முனைகளும் உள்பக்கமாகச் சற்றுக் குழிந்து, கன்னத்துக் குழி போல் வழுவழுப்பாக இருக்கும். அவசரத்தில் செய்ததில் முனை மெலிந்து, கம்பியின் மேல் படர்ந்து ஊசிபோல் நீண்டிருக்கும். அந்த ஊசிதான் உங்கள் பட்டு நூலை அறுத்தது. துளைக்குள் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது கம்பியில் பூசிய களிமண் குழம்பு. அது சுடர் வேலை என்பதற்கு அடையாளம்தான், ஆனால் துப்புரவாக்காமல் அனுப்பியதற்கும் அடையாளம். அதை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. தண்ணீரில் ஊறவைத்து, வைரத்தூள் பூசிய மெல்லிய அரத்தை ஈரத்திலேயே துளைக்குள் விட்டுத் தேயுங்கள்.

நூற்கண்டு (மதுரை) பதில்:

நான் மணி செய்பவன் அல்லன், கோர்ப்பவன். முப்பது ஆண்டுகளாக அதே வேலை. சுடரடி சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

கண்ணாடி மணிக்குப் பட்டு நூல் பொருந்தாது, முத்துக்குத்தான் அது பொருந்தும். பட்டில்தான் கோர்க்க வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதம் பிடித்தால், மணிக்கு மணி முடிச்சுப் போட்டு, ஒவ்வொரு மணியின் இரு பக்கமும் வழுவழுப்பான சிறு மணி ஒன்றையோ உலோகக் கிண்ணி ஒன்றையோ காவல் வையுங்கள். சுடர் மணியின் துளை பெரும்பாலும் 1.6 அல்லது 2.4 மில்லிமீட்டர் இருக்கும். அதற்குள் அரை மில்லிமீட்டர் நூல் சென்றால் மணி ஆடிக்கொண்டே இருந்து, ஒவ்வொரு ஆட்டத்திலும் நூலை அறுக்கும். நைலான் பூசிய பன்னிழை எஃகுக் கம்பியைப் பயன்படுத்தி, துளைக்குள் அடங்கும் பொடி மணிகளை நிரப்பிவிட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

எடையையும் யாரும் கணக்கிடுவதில்லை. 12 மில்லிமீட்டர் கண்ணாடி உருண்டை ஒன்று ஏறத்தாழ 2 கிராம் இருக்கும். 45 சென்டிமீட்டர் மாலைக்கு 37 மணி வேண்டும், அதாவது 80 கிராமுக்கு அருகில். பத்துப் பவுன் எடையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த அம்மா எவ்வளவு நேரம் இருப்பார்? குறுக்களவு பாதியானால் எடை எட்டில் ஒரு பங்காகும். ஆகவே பெரிய மணிகளை முன்பக்கம் ஏழெட்டு மட்டும் வைத்து, பின்கழுத்துக்கு 6 மில்லிமீட்டர் மணிகளை வையுங்கள். நூலும் பிழைக்கும், கழுத்தும் பிழைக்கும்.

மணிக்கோவை:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு பிள்ளைகள் உறங்கிய பின் கணினித் திரையின் முன் உட்கார்ந்து, என் கணவர் வண்டி ஓட்டும்போது அணியும் போலராய்டு வெயில் கண்ணாடியை வைத்துப் பெட்டியிலிருந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முடிக்கும்போது இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. வெள்ளித்தாள் மணிகளில் தாள் ஒளியை மறைத்துவிடுவதால் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வேறு இடத்தில் வாங்கிய தேன் நிறத் தெளிவு மணிகள் 40இல் 11 மணிகளின் துளையைச் சுற்றி வெளிச்சம் சிலுவை போல் நின்றது. அவற்றைத் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். ஒளி ஊடுருவாத மணிகளுக்கு வேறு சோதனை ஏதும் உண்டா? துளையைப் பொறுத்தவரை, நீல மணிகளில் பாதிக்கு மேல் ஊசிமுனைதான். இத்தனை நாள் மணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுடரடி:

ஒளி ஊடுருவாதவற்றை அழித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகையால் எல்லாவற்றுக்கும் செய்யாமல், ஒரே தொகுப்பிலிருந்து நான்கைந்தை மட்டும் பலி கொடுங்கள். இரவு முழுதும் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்து, காலையில் எடுத்து நேராக அறை வெப்பத்தில் உள்ள தண்ணீரில் போடுங்கள். இழுபறி மிகுந்தவை அப்போதே விரிசல் காட்டிவிடும். ஐந்தில் இரண்டு பிளந்தால் மீதியை நகையில் வைக்காதீர்கள், கண்ணாடிக் குவளையில் போட்டு அழகு பாருங்கள். ஐந்தும் தேறினாலும் அது முழு உறுதி ஆகாது, ஐயம் குறையும். அவ்வளவே.

வெள்ளித்தாள் மணிக்கு இன்னொரு சோதனை. தாளின் மேல் உள்ள தெளிவுக் கண்ணாடிப் போர்வை முழுமையாக மூடியிருக்கிறதா என்று பெரிதாக்கிக் காட்டும் கைக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். துளையோரத்தில் தாள் வெளியே எட்டிப்பார்த்தால், வியர்வையும் காற்றும் பட்டு அந்த இடம் முதலில் கறுக்கும்.

கைக்கண்ணாடி (சென்னை) பதில்:

சுடர் மணியா, அச்சு மணியா என்ற கேள்விக்கு யாரும் இன்னும் விடை சொல்லவில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி ஒன்று இருந்தால் போதும். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழிகளைப் பாருங்கள். கம்பியில் சுற்றிய மணியில் குமிழிகளும் நிற இழைகளும் துளையைச் சுற்றி வளையமாக ஓடும். குழாயாக இழுத்து நறுக்கிய மணியில் அவை துளைக்கு இணையாக நீண்டு கிடக்கும். அச்சில் அழுத்திய மணியில் இரு பாதிகள் சேரும் கோடு இடுப்பில் தெரியும். தேய்த்து மறைத்திருந்தாலும் விரல் நகத்துக்குத் தட்டுப்படும். அக்ரிலிக் பிளாஸ்டிக் மணிகள் கலந்திருக்கின்றனவோ என்று ஐயமிருந்தால், இனிமேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரில் போடுங்கள். அக்ரிலிக் மிதக்கும், கண்ணாடி கல்லைப் போல் மூழ்கும்.

ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் உண்டு. "கைவேலை" என்ற சொல்லின் மேல் நாம் வைக்கும் பக்தி கொஞ்சம் அதிகம். சீனாவிலிருந்து கிலோக் கணக்கில் வந்து பாரிமுனைப் பகுதிக் கடைகளில் குவியும் மலிவான சுடர் மணிகளும் யாரோ ஒருவர் சுடரின் முன் உட்கார்ந்து கையால் சுற்றியவைதாம். மறுபுறம், செக் நாட்டின் யாப்லோனெட்ஸ் வட்டார அச்சு மணிகளை நாம் இயந்திர மணி என்று தள்ளுகிறோம். அங்கே மலைக் கிராம வீடுகளில் கண்ணாடிக் கோலைச் சூடாக்கி, ஒவ்வொரு முறையும் கையால் இடுக்கி அச்சில் அழுத்திச் செய்த மரபு நீண்டது, அவற்றின் தரமும் பெயர் பெற்றது. வெனிசின் கண்ணாடி மணிக் கலை இத்தாலி, பிரான்ஸ் நாடுகளின் பெயரால் 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதற்காக வெனிஸ் என்று பெயர் ஒட்டிய மணிகள் எல்லாம் வெனிசில் பிறந்தவை ஆகிவிடா. எனவே கை தொட்டதா என்று பார்ப்பதைவிட, அந்தக் கைக்கு வேலை தெரியுமா என்று பாருங்கள்.

நம் நாட்டில் வாங்குவதென்றால் உத்தரப் பிரதேசத்தின் இரண்டு இடங்களைச் சொல்வேன். ஹாத்ரஸ் மாவட்டத்துப் புர்தில் நகர் ஒன்று, வாரணாசி மற்றொன்று. வாரணாசிக் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடு உண்டு. இரண்டு இடங்களிலும் மிக நல்ல மணியும் கிடைக்கும், நீங்கள் வாங்கியது போன்ற மணியும் கிடைக்கும். முதலில் 20 மணிகள் மாதிரி கேளுங்கள். பணம் கொடுத்தே வாங்குங்கள். இலவச மாதிரியில் எப்போதும் பொறுக்கி எடுத்த நல்ல மணிதான் வரும்.

உப்பங்கழி (புதுச்சேரி) பதில்:

அரிக்கமேட்டு மணி பற்றிய கேள்வியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சுருக்கமாகச் சொன்னால், வாங்காதீர்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்த மணிகளின் மேல் உங்களுக்கு ஏற்பட்ட மயக்கம் எனக்கும் ஒரு காலத்தில் இருந்தது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அந்த மேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். பிறகு 1947 முதல் 1950 வரை ழான் மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழுவினரும் அகழ்ந்தார்கள். ரோமானிய வணிகத்தின் தடயங்களால் ஊர் பெயர் பெற்றது. ஆனால் மணி ஆர்வலர்களுக்கு அது ஒரு பெரிய பட்டறை. மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ், இங்கே குழாயாக இழுத்து நறுக்கிச் செய்யப்பட்ட மணிகளின் வகைக்கு "இந்தோ-பசிபிக் மணிகள்" என்று பெயரிட்டார். ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்து கொரியா, ஜப்பான் வரை கிடைக்கும் அந்தப் பொடி மணிகள், அரிக்கமேட்டில் மட்டுமன்றி இலங்கையின் மன்னார்ப் பகுதி மாந்தையிலும், வியட்நாமின் ஓக் ஏயோவிலும், மலேசியாவின் கோலா செலின்சிங்கிலும் செய்யப்பட்டதாக அவர் காட்டினார்.

இப்போது உங்கள் சரத்துக்கு வருவோம். செங்கல் சிவப்பு, மஞ்சள், பச்சை, கருநீலம் என்று கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்ட மணிகள் என்றால் உருவம் பொருந்தத்தான் செய்யும். சிக்கல் என்னவென்றால், அந்தத் தொழில்நுட்பம் 2000 ஆண்டுகளுக்கு முன் செத்துப்போகவில்லை. ஆந்திராவில் ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையே உள்ள பாப்பாநாயுடுப்பேட்டை என்ற ஊரில் இருபதாம் நூற்றாண்டிலும் அது உயிரோடு இருந்தது. பிரான்சிஸ் அங்கே சென்று பார்த்து எழுதிவைத்தார். லாடா எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவார்கள். குழாயின் ஊடே ஒரு கம்பியைச் செலுத்திக் கூம்புக்குள் ஓட்டை செய்வார்கள். அந்த முனையை உலைக்குள் வைத்துவிட்டு, உலையின் மறுபக்கத்திலிருந்து ஒருவர் கண்ணாடியைக் கொக்கியால் பற்றி இழுக்கத் தொடங்கினால், நூல்போல் மெலிந்த குழாய் மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். ஓட்டை மட்டும் அடைபடாது. அந்தக் குழாய்களைக் கத்தியில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, துளைகள் மூடிக்கொள்ளாமல் இருக்கச் சாம்பலோடு கலந்து, சட்டியில் போட்டு மீண்டும் சூடாக்கிக் கிளறினால் வெட்டிய ஓரங்கள் உருண்டு மழுங்கும். வடை மாவில் ஓட்டை போடுவது போல் ஒவ்வொன்றாகத் துளைக்க வேண்டியதே இல்லை. துளை முதலில், மணி பிறகு.

இதனால் என்ன ஆகிறது? ஐம்பது ஆண்டுக்கு முன் செய்த மணியும் அதே குமிழி நீட்சியோடும் அதே மழுங்கிய ஓரத்தோடும்தான் இருக்கும். அதைச் சில மாதம் மண்ணில் புதைத்து எடுத்தால் மேற்பூச்சும் வந்துவிடும். எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது என்ற செய்தி இருந்தால்தான் காலம் சொல்ல முடியும். பையில் போட்டுக் கொண்டுவந்த மணிக்கு அந்தச் செய்தி கிடையாது. ஆகவே விற்பவர் பொய் சொல்கிறார் என்றால் நீங்கள் ஏமாறுகிறீர்கள், உண்மை சொல்கிறார் என்றால் அது அதைவிட மோசம். அரிக்கமேடு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே பொறுக்குவதே குற்றம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்கு மேற்பட்ட இத்தகைய பொருள்களை வணிகம் செய்ய உரிமம் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. நீங்கள் நாளை அதைக் கோர்த்து வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு அஞ்சலில் அனுப்பினால் சிக்கல் உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

சிறு வயதில் மழை விட்டதும் அந்த மேட்டுப் பக்கம் போய் மணி பொறுக்கிய பிள்ளைகளில் நானும் ஒருவன். தீப்பெட்டி நிறைய வைத்திருந்தேன். அவை இப்போது எங்கே போயின என்று எனக்கே தெரியாது. அந்தத் தீப்பெட்டியில் எத்தனை செய்தி அழிந்தது என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மாலைப்பொழுது (அக்ரா, கானா) பதில்:

பணி நிமித்தம் கானாவில் வாழ்கிறேன். தொகுத்து வைப்பதில் ஆர்வம் உள்ள நீங்கள் க்ரோபோ மக்களின் தூள்கண்ணாடி மணிகளையும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒடுமாசே க்ரோபோவில் ஒரு பட்டறையில் பாதி நாள் உட்கார்ந்து பார்த்தேன். சுடரும் இல்லை, எஃகுக் கம்பியும் இல்லை. உடைந்த புட்டிகளை உரலில் இடித்துச் சலித்து, குழிகள் உள்ள களிமண் அச்சில் நிரப்புகிறார்கள். அச்சு ஒட்டாமல் இருக்க வெண்களிமண் குழம்பு. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக் காம்பின் துண்டு ஒன்றைக் குத்தி நிற்க வைக்கிறார்கள். உலையில் கண்ணாடித் தூள் இளகி ஒன்றுசேரும் நேரத்தில் காம்பு எரிந்து சாம்பலாகிவிட, அது நின்ற இடம் துளையாகிவிடுகிறது. நம் ஊரில் மரவள்ளிக் காம்பைக் கிள்ளி மாலை செய்து விளையாடிய நினைவு வந்து சிரித்துவிட்டேன். சூடு தணியும் முன் இரும்பு முனையால் மணியைச் சுழற்றித் துளையைச் சீராக்கி, ஆறியபின் கல்லில் மணலும் நீரும் சேர்த்துத் தேய்க்கிறார்கள்.

இங்கே துளை அகலமானது, மேற்பரப்பு சர்க்கரைக் கட்டி போல் சற்றுச் சொரசொரப்பு. மேலே சுடரடி சொன்ன ஒளிச் சோதனை இந்த மணிகளில் பலவற்றுக்குப் பயன்படாது, ஏனென்றால் ஒளியே ஊடுருவாது. மெல்லிய நூல் வேண்டாம். தோல் வாரோ தடித்த பருத்திக் கயிறோதான் பொருந்தும். வியாழக்கிழமைகளில் கோஃபோரிடுவா நகரத்தில் கூடும் மணிச் சந்தையில் பழையவை, புதியவை எல்லாம் சரம் சரமாகத் தொங்கும். பழையது என்று சொல்வதை அங்கேயும் நம்பாதீர்கள். புதுச்சேரிக்காரர் சொன்ன மண் புதைப்பு வித்தை இங்கேயும் தெரியும்.

நூற்கண்டு:

மரவள்ளிக் காம்பு! எழுபது வயதில் இதுவும் தெரிந்துகொண்டேன்.

மணிக்கோவை:

எல்லோருக்கும் நன்றி. அரிக்கமேட்டுச் சரம் வேண்டாம் என்று அந்த நபருக்குச் சொல்லிவிட்டேன். உடனே விலையைப் பாதியாகக் குறைத்தார். அதற்கும் வேண்டாம் என்றதும், பத்து நிமிடத்தில் படத்தையே நீக்கிவிட்டார்.

நீல மணிகளில் ஐந்தை உறைபகுதியில் வைத்து எடுத்தேன். தண்ணீரில் போட்டதும் ஒன்று "டிக்" என்ற ஓசையோடு பிளந்தது, இன்னொன்றில் மறுநாள் காலை விரிசல் தெரிந்தது. மீதியைச் சமையலறை ஜன்னலில் ஒரு குவளையில் போட்டு வைத்திருக்கிறேன். காலை வெயிலில் உண்மையாகவே அழகாக இருக்கின்றன. வாரணாசியில் செய்து விற்கும் ஒருவரிடம் தொலைபேசியில் பேசி, சூளையில் ஆற்றுகிறீர்களா என்று கேட்டேன். எந்த அளவு மணிக்கு எவ்வளவு நேரம் என்று கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். 8 மில்லிமீட்டரில் 20 மாதிரி மணிகளுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.

சுடரடி ஐயாவிடம் ஒரே ஒரு கேள்வி மிச்சம். வெளிச்சம் காட்டிய அந்த 11 தேன் நிற மணிகளை உங்களைப் போன்ற ஒருவரின் சூளையில் மீண்டும் ஆற்றினால் தேறுமா, அல்லது அவற்றுக்கும் குவளைதானா?

சுடரடி:

விரிசல் இன்னும் விழாதவை தேறும். அறை வெப்பத்திலிருந்து மெதுவாக ஏற்றி, உரிய வெப்பத்தில் நிறுத்தி, மெதுவாக இறக்கினால் இழுபறி போய்விடும். கலந்த குற்றம் உள்ளதாக இருந்தால் மட்டும் போகாது. முதலில் துளைகளைக் கழுவி உலர்த்தி, 11ஐயும் தனித்தனியாகப் பஞ்சில் பொதிந்து அனுப்புங்கள். என் அடுத்த தொகுப்போடு சூளையில் வைத்துத் தருகிறேன். திரும்பி வந்ததும் அதே திரையின் முன் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.